உதடு மரத்த தேதி

திருவிடந்தை
8.2.2024

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

தங்கை சிநேகா எழுதுவது. மூன்று நாட்களாக உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நேற்று அண்ணி எடுத்தார். "டாக்டரம்மா, நீங்க பண்ண வைத்தியம் போதும். இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க" என்றார். அதன் பிறகு மணி அடிப்பதே இல்லை. முட்டுக்காட்டுக்குப் பஸ் ஏறினால் அரை மணி நேரம். வந்து வாசலில் நிற்கத்தான் தைரியம் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை வேண்டா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். என் கிளினிக்கில் உங்களுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுப்பாரே, அவர்தான்.

செங்கல்பட்டு டாக்டர் திருநாவுக்கரசு செய்த பயாப்ஸியின் ரிப்போர்ட்டை நீங்கள் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். தாடை எலும்பிலேயே உண்டாகும் புற்றுக்கட்டி. இது மிகவும் அரிது. பன்னிரண்டு வருடமாகப் பல் பார்க்கிறேன், இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் பல்வேரில் சீழ் பிடித்த மாதிரியேதான் இருக்கும். அதே வலி, அதே வீக்கம், பல்லும் ஆடும். வேறு எந்தப் பல் டாக்டரிடம் போயிருந்தாலும் முதலில் ஆன்டிபயாடிக்தான் கொடுத்திருப்பார்கள். இதை அண்ணியிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தப் போட்டோவுக்குக் கீழே, 'ஆபரேஷன் ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். ஈஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இந்தக் கட்டிக்கு ஏழு வாரம் தரக்கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த சென்னை ஆஸ்பத்திரிக்கு உடனே போய்ச் சேருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் பார்க்க வேண்டாம். ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்.

தங்கள் தங்கை
சிநேகா


முட்டுக்காடு
13.2.2024

அன்பு சிநேகாவுக்கு ஸ்தோத்திரம்.

வேண்டா உன் கடிதத்தைப் படகுத் துறைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போகப் பயந்திருப்பாள் போல. டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அது என்ன 'அவர்களுக்கு'? அது என்ன 'நீங்கள்'? பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்றுதானே கூப்பிடுகிறாய். படித்துப் பட்டம் வாங்கிய அன்றுகூட, "ண்ணா, நீ ஒழுங்கா நில்லு, போட்டோ எடுக்கணும்" என்றாய். இப்போது காகிதத்தில் மரியாதை கொடுத்தால், எனக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

உன் அண்ணி ரெஜினா கோபமாகத்தான் இருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த என்னால் ஆகாது. நான்காவது தடவை நீ மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, "இன்னாய்யா இது, பல்ல புடுங்கி ரெண்டு மாசம் ஆவுது, குழியில சதை வளந்துகினே போவுது, உன் தங்கச்சி மாத்திரைய மாத்தி மாத்தி குடுத்துகினு கீறா" என்று என்னைச் செங்கல்பட்டுக்கு இழுத்துப் போனவள் அவள்தான். அந்த டாக்டர் ரொம்பக் கேள்வி கேட்டார். உன் பெயர் வருகிற இடத்திலெல்லாம் நான் பார்த்துத்தான் பதில் சொன்னேன். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

ஈஸ்டர் என்று நான் சொன்னது சாக்குதான். உண்மையைச் சொல்கிறேன். என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். "ஏழாம் நம்பர் படகு, நேரம் முடிஞ்சிடுச்சி, கரைக்கு வாங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக்கில் கத்துவதுதான் என் பிழைப்பு. தாடையில் பாதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பை வெட்டி வைப்பார்களாம். அப்புறம் நான் எதை வைத்துக் கத்துவது?

சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஐந்து மாதமாக நீ சீழ் என்றாய். நான் நம்பினேன். இப்போது அவர்கள் கேன்சர் என்கிறார்கள், இதையும் நம்பு என்கிறாய். நாளைக்கு வேறொருவர் வந்து இரண்டும் இல்லை என்றால்? வெட்டிய எலும்பைத் திருப்பி ஒட்டுவார்களா?

யார் வேண்டுமானாலும் மாத்திரைதான் கொடுத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். யாரோ ஒருவரைப் பற்றி நான் கேட்கவில்லை. நான் முதல் நாள் உன் நாற்காலியில் உட்கார்ந்தபோது அது அங்கே இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் நீ ஏன் பார்க்கவில்லை? எனக்கு வேண்டியது இந்தப் பதில்தான். அது வந்த பிறகு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கிறேன்.

அன்புடன்
அண்ணன்
ஏசுபாதம்


திருவிடந்தை
15.2.2024

அண்ணா,

நீ கேட்டதற்குப் பதில்: இருந்தது.

இதை எழுதப்போகிறேன் என்று இனியனிடம் சொன்னேன். வீட்டில் எனக்குப் புருஷன் என்றாலும், செங்கல்பட்டுக் கோர்ட்டில் தினமும் இந்த மாதிரி விவகாரங்களைப் பார்க்கிற வக்கீல் ஆயிற்றே. "உன் அண்ணன்தான், ஒத்துக்கறேன். ஆனா எழுத்துல குடுக்காத சிநேகா. நேர்ல போய் அழு, கால்ல விழு. நாளைக்கு அவங்க சைடுல யாராவது கேஸ் போட்டா, இந்த ஒரு பேப்பர் போதும்" என்றார். வக்கீலாக அவர் சொன்னது சரிதான். ஆனால் நேரில் வர எனக்கு வழி இல்லை. உன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

உன் சிகிச்சைச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் 14. வேலை முடிந்து வந்தாய். கீழ் இடப்பக்கக் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்றாய். தட்டினேன், வலித்தது. லேசாக ஆடியது. ஆனால் அந்தப் பல்லில் சொத்தையே இல்லை. எக்ஸ்ரே எடுத்தேன். எலும்புக்கும் பல்வேருக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது எல்லோருக்கும் உண்டு. உனக்கு அந்தப் பல்லிலும் பக்கத்துப் பல்லிலும் அந்தக் கோடு மேலிருந்து கீழ் வரை தடித்திருக்கிறது. இப்போது பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு நான் வேரின் நுனியை மட்டும் பார்த்தேன். சீழ் என்று மனதில் முடிவு செய்துவிட்டேன், சீழ் இருக்கும் இடத்தை மட்டும்தான் தேடினேன்.

அன்றைக்கே பல்லைத் திறந்தேன். வேரில் சீழ் பிடித்த பல் உள்ளே செத்திருக்கும். கறுத்து நாற்றமடிக்கும். உன் பல்லில் பளீரென்று சிவப்பு இரத்தம் வந்தது. பல் உயிரோடு இருந்தது. உயிரோடு இருக்கிற பல்லின் வேரில் சீழ் எப்படி வரும் என்று கையை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வேண்டா அக்காவிடம் இன்னும் கொஞ்சம் பஞ்சு கேட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அக்டோபர் 9. முந்தின வாரம்தான் மறுபடி ஊசி போட்டு அந்தப் பல்லின் வேரைச் சுத்தம் செய்திருந்தேன். "இன்னா சிநேகா, போன வாரம் நீ போட்ட ஊசி இன்னும் எறங்கல. டீ குடிச்சா சட்டையில ஊத்துது, உதட்டுக்குத் தெரியவே மாட்டேங்குது" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த ஊசி நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். கீழுதட்டுக்குப் போகிற நரம்பு தாடை எலும்புக்கு உள்ளேயே ஓடுகிறது. ஒரு வாரமாக உதடு மரத்திருந்தால், உள்ளே அந்த நரம்பை ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் வருடப் பாடம் இது. சீட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'இடது கீழுதடு மரப்பு, கவனிக்கவும்.' எழுதினேன். கவனிக்கவில்லை.

நவம்பர் 20. பல்லைப் பிடுங்கினேன். குழிக்குள் சதை இருந்தது. சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். ஒரு புட்டியில் போட்டு லேபுக்கு அனுப்பியிருந்தால் அந்த வாரமே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் கொடுத்த மாத்திரைகளைப் பற்றி அண்ணி சொன்னது எல்லாம் சரி.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டாய். வேறு யாராவது வந்திருந்தால் இரண்டாவது தடவையே தாடை முழுவதற்கும் எக்ஸ்ரே எடுக்க அனுப்பியிருப்பேன். நீ வந்தாய், கதை பேசினாய், வேண்டா அக்காவைக் கிண்டல் செய்தாய். உனக்குக் கெட்டது எதுவும் இருக்கும் என்று நான் நினைக்கவே விரும்பவில்லை. நீ என் அண்ணன் என்பதால் உன்னைச் சரியாகப் பார்க்காமல் விட்டேன். முதல் கடிதத்தில் 'வேறு எந்தப் பல் டாக்டரிடம் போயிருந்தாலும்' என்று எழுதினேனே, அது பொய்.

நாளைக்கு வேறு மாதிரி சொன்னால் என்ன செய்வது என்றும் கேட்டாய். நான் யூகம் செய்தேன் அண்ணா. அவர்கள் யூகிக்கவில்லை. சதையை எடுத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் வைத்து இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பு. என்னை நம்ப வேண்டாம்.

சிநேகா


முட்டுக்காடு
19.2.2024

அன்பு சிநேகா,

உன் கடிதத்தைப் படித்தேன். ரெஜினாவிடம் மறைக்கக்கூடாது என்று அவளுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. காகிதத்தைக் கையில் வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். "கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறாளா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

இப்போது நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். உதடு எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று டாக்டர் திருநாவுக்கரசு கேட்டார். ஜனவரியில் பொங்கலுக்குப் பிறகு என்று சொன்னேன். அக்டோபர் என்று சொன்னால், 'அப்போது யாரிடம் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார்' என்று அடுத்த கேள்வி வரும். உன் பெயரை அந்த அறையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேனுக்குப் போனபோது சென்னை ஆஸ்பத்திரியிலும் அதே ஜனவரியைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

உன் கடிதத்தில் அக்டோபர் 9 என்று படித்ததும் பயம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே செங்கல்பட்டுக்குப் போய், கடிதத்தை அப்படியே டாக்டரின் மேசையில் வைத்தேன். படித்தார். முகம் மாறிவிட்டது. "நாலு மாசமா மரத்திருக்கா? எங்ககிட்ட நாலு வாரம்னு சொன்னீங்க!" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "எழுதினவங்க யாரு?" என்று கேட்டார். "என் தங்கச்சிதான் சார்" என்றேன்.

என் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டார். இதுவரை சி.டி. ஸ்கேனை வைத்து எங்கே வெட்டுவது என்று குறித்திருந்தார்களாம். நரம்பு அவ்வளவு நாளாகச் செத்திருந்தால் எலும்புக்குள்ளேயே கட்டி பின்பக்கம் ஏறியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

வருகிற திங்கட்கிழமை, 26ஆம் தேதி, சேர்ந்துகொள்கிறேன். ஈஸ்டர் அதன் பாட்டுக்கு வரட்டும்.

அண்ணன்
ஏசுபாதம்


திருவிடந்தை
21.2.2024

அண்ணா,

நீ 26ஆம் தேதி போகிறாய் என்பதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அதற்கு மேலே எழுதியிருந்ததைப் படித்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

எனக்காகப் பொய் சொன்னாயா? உன் தாடையை வைத்துக்கொண்டா? என் பெயரைக் காப்பாற்றப்போய் அவர்கள் தப்பான இடத்தில் வெட்டியிருந்தால், அதையும் சேர்த்து நான் ஆயுசுக்கும் சுமக்க வேண்டாமா? நான் ஒரு தப்பு செய்தேன், நீ அதன் மேல் போர்வையைப் போட்டு மூடினாய். இனிமேல் எந்த டாக்டர் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததும் என்ன சொன்னார்கள் என்று வேண்டா அக்காவுக்காவது போனில் சொல்.

சிநேகா


சென்னை
19.3.2024

அன்பு சிநேகா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். மார்ச் 4ஆம் தேதி ஆபரேஷன் நடந்தது. பதினொரு மணி நேரமாம். எனக்கு ஒரு நிமிஷம் மாதிரிதான் இருந்தது, ரெஜினாவுக்குத்தான் பதினொரு மணி நேரம்.

எம்.ஆர்.ஐ.யில் அவர்கள் பயந்தபடியே இருந்தது. காதுக்குக் கிட்டே வரை எலும்புக்குள் ஏறியிருந்ததாம். முதலில் குறித்திருந்த இடத்தில் வெட்டியிருந்தால் கட்டியின் நடுவிலேயே வெட்டியிருப்போம் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

முதல் பத்து நாள் தொண்டையில் குழாய், மூக்கில் குழாய். பேச்சே கிடையாது. ஒரு சின்னச் சிலேட்டு கொடுத்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து ரெஜினா பேசி முடிக்கிற வரை நான் குறுக்கே பேசாமல் இருந்தது இந்தப் பத்து நாள்தான். அவளுக்கே சலித்துப் போய், "எதுனா எழுதித் தொலையேன்" என்றாள். இடது காலிலிருந்து எலும்பை எடுத்து வளைத்துத் தாடையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நர்ஸிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'இனிமே நான் சிரிச்சா கால்தான் சிரிக்கும்.' அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார்.

கண்ணாடி பார்த்தேன். முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது, தையல் காதிலிருந்து கழுத்து வரை இறங்குகிறது. எனக்கே கொஞ்ச நேரம் வேறு யாரோ என்று இருந்தது. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

ஒன்றை மட்டும் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல் என்று நீதானே எழுதினாய். ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரிய டாக்டரிடம் எழுதிக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "எலும்பு இதுல பாதிதான் எடுத்திருப்போம். பேச்சு இன்னும் நல்லா இருந்திருக்கும். உசுருக்கு என்ன வித்தியாசம்னு என்னால சொல்ல முடியாது" என்றார். ரெஜினாவும் பக்கத்தில் இருந்தாள். கேட்டுக்கொண்டாள்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்: சில நாள் இருக்கிறது. கஞ்சி வாயோரம் ஒழுகும்போது இருக்கிறது. மற்ற நேரத்தில் உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இரண்டும் உண்மை.

அண்ணன்
ஏசுபாதம்


திருவிடந்தை
28.3.2024

அண்ணா,

உன் கடிதத்தில் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் இருக்கிறது என்று நீ சொன்னது நல்லதாகிவிட்டது. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 4ஆம் தேதி நானும் வேண்டா அக்காவும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அண்ணி இறங்கி வந்தார். எங்களைப் பார்த்துவிட்டார். எழுந்து நின்றேன். அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும் வேண்டா அக்காவைப் பார்த்து, "ரத்தம் ஓடுதாம் புது எலும்புல. நல்லா ஓடுதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. கிளினிக்கை மூடிவிட்டேன். பதினெட்டாம் தேதியிலிருந்து ஷட்டர் இறக்கித்தான் இருக்கிறது. வந்தவர்களைக் கேளம்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒருவர் வாயைத் திறந்ததும் என் கை நின்றுவிடுகிறது அண்ணா. போன மாதம் ஒரு பெண்ணுக்குச் சாதாரண ஈறு வீக்கம். மூன்று எக்ஸ்ரே எடுத்தேன், அப்புறமும் நம்பிக்கை வராமல் நாளைக்கு வாருங்கள் என்றேன். அவள் மறுபடி வரவில்லை. சென்னையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மருத்துவக் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை இருக்கிறது. ஜூனில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இனியன் வேண்டாம் என்கிறார், ஆனால் தடுக்கவில்லை. யாருக்கும் என்னால் கெடுதல் வராத வேலை.

சிநேகா


முட்டுக்காடு
12.4.2024

அன்பு சிநேகா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கோலூன்றி வாசல் வரை நடக்கிறேன். வெட்டி எடுத்த எலும்பின் ரிப்போர்ட் வந்துவிட்டது. எல்லா ஓரமும் சுத்தமாக இருக்கிறதாம். பின்பக்கம் கூடுதலாக எடுத்தார்களே, அந்தத் துண்டுக்குள் கட்டி இருந்திருக்கிறது, அதைத் தாண்டி இல்லை. டாக்டர் அந்த வரியை விரலால் காட்டி, "இந்த இடம் உங்க தங்கச்சி எழுதின தேதியால கிடைச்சது" என்றார். இந்த மாதக் கடைசியில் மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். ஆறு சுற்று.

மைக் வேலை இனிமேல் இல்லை. என் பேச்சு வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிறது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் புரியாது. டிக்கெட் கவுன்டரில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். இப்போது பரவாயில்லை.

இனி உன் விஷயம். நீ தப்பு செய்தாய், என் தாடை போனது. இப்போது கிளினிக்கை மூடினால் எனக்கு எது திரும்பி வரும்? தாடையா, மைக்கா? அந்த ஊரில் பல் வலி வந்தவர்கள் கேளம்பாக்கத்துக்கு அலைவார்கள், அவ்வளவுதான். கெடுதல் வராத வேலை என்கிறாய். இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு நீ யார் வாயைத் திறந்து பார்ப்பாய்? என்னை மாதிரி ஒருவன் நாளைக்கு ஒரு பல் டாக்டரிடம் போய், உதடு மரத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பான். அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரு டாக்டர் இந்தக் கடற்கரையிலேயே உண்டு என்றால், அது நீதான். அதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு ஆயிற்று என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய்க் காகிதக் கட்டில் வைத்துக் கட்டாதே.

கட்டளை போடவில்லை. கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்
ஏசுபாதம்


திருவிடந்தை
9.5.2024

அண்ணா,

நீ சென்னையில் மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறாய். இதை அண்ணி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

உன் துணிமணி எடுக்க அவர் முட்டுக்காட்டுக்கு வந்திருந்தார் அல்லவா, நேற்றுக் காலை. பத்து மணி இருக்கும். நானும் வேண்டா அக்காவும் கிளினிக் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தோம். ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்திருந்தோம். யாரோ தட்டுகிற சத்தம். குனிந்து பார்த்தால் அண்ணி. முந்தானையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"மூணு நாளா தூக்கம் இல்ல. மேல் பல்லு. பாரு" என்றார்.

"அண்ணி, நான் இப்ப யாருக்கும் பாக்கறதில்ல. கேளம்பாக்கத்துல நல்ல டாக்டர் ஒருத்தர் கீறாரு, நானே கூட்டிகினு போறேன்" என்றேன்.

"நான் கேளம்பாக்கம் போவணும்னா பஸ்ஸிலேயே போயிருப்பேனே, இங்க எறங்கி இன்னாத்துக்கு நடந்து வரப்போறேன்? ஷட்டர தூக்கு."

வேண்டா அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமலே ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு, கட்டி வைத்த பெட்டியைப் பிரித்தார்.

நாற்காலியில் உட்கார வைத்தேன். கை நடுங்கியது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பல்லைத் தட்டிப் பார்த்தேன். பனிக்கட்டி வைத்துப் பார்த்தேன், அந்தப் பல்லுக்குக் குளிர் தெரியவில்லை. செத்த பல். பெரிய சொத்தை. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் வைத்து, வேரின் நுனியை மட்டுமல்லாமல் மேலிருந்து கீழ் வரை, பக்கத்துப் பல், அதற்கும் பக்கத்துப் பல் என்று நிதானமாகப் பார்த்தேன். கழுத்தில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவினேன். கடைசியில் கேட்டேன்:

"அண்ணி, உதடு, கன்னம், எங்கயாவது மரத்த மாதிரி கீதா?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இத அன்னிக்கு அவர கேட்டிருக்கணும் நீ."

"ஆமா அண்ணி."

மன்னிப்புக் கேட்க அது இடமில்லை என்று இருந்தது. அவர் மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் வழிந்தது. வேண்டா அக்கா பஞ்சு கொடுத்தார், வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"மரக்கல" என்றார். "வலிதான் கீது. புடுங்கு."

சாதாரண சொத்தைப் பல் அண்ணா. சாதாரண சீழ். ஊசி போட்டு, அந்த இடம் நன்றாக மரத்துப்போகும் வரை காத்திருந்து பிடுங்கினேன். முதல் இரண்டு நிமிஷம்தான் கை நடுங்கியது. பிறகு நடுங்கியதா என்று நான் கவனிக்கவில்லை. குழியில் பஞ்சை வைத்து, ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசக்கூடாது என்றேன். வாசல் பக்கமிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ பேச்சு கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஷட்டர் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டாக்டர் கீறாங்களா? கடைய மூடிட்டாங்கன்னு சொன்னாங்களே?" என்று அண்ணியிடம் கேட்டார்.

அண்ணியால் பேச முடியாது. பஞ்சைக் கடித்தபடியே எழுந்து, அந்த அம்மாவின் தோளில் கை வைத்து, நாற்காலியைக் காட்டி உள்ளே அனுப்பினார்.

சிநேகா